கூப்பிட்டால் பதில் சொன்ன காடு

எனக்கு ஒன்பது வயதில் ஒரு மாமா இருக்கிறார். அம்மாவுக்கும் சித்திக்கும் ஒரே தம்பி. நான் பிறப்பதற்குப் பல வருடங்களுக்கு முன்பு, ஊருக்குப் பின்னால் வரிசை வரிசையாக நட்டிருந்த பைன் மரத் தோப்புக்குள் போனவர் திரும்பி வரவில்லை. அதனால் அவருக்கு வயது ஏறவே இல்லை. சின்னப் பிள்ளையாக இருந்தபோது "மாமா எப்ப வருவாரு?" என்று மரியாதையாகத்தான் கேட்பேன். எனக்குப் பத்து வயது முடிந்தபோது "வருவாரு" என்பதா "வருவான்" என்பதா என்று குழம்பிப்போய், கேட்பதையே விட்டுவிட்டேன். இதை எழுதும்போதும் அந்தக் குழப்பம் தீரவில்லை. சித்தி "அவன்" என்பாள். அம்மா எதுவும் சொல்ல மாட்டாள்.

நான் எழுத உட்கார்ந்தது சித்தியைப் பற்றி. மாமாவை விட்டுவிட்டுச் சித்தியைச் சொல்ல முடியாது, அதனால் அவரை முதலில் சொல்லிவிட்டேன்.

சித்தி கம்ப்யூட்டர் விளையாட்டு செய்கிற ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். கீழே டயர் கடை, மூன்றாவது மாடியில் இவர்கள் பதினோரு பேர். டயருக்குக் காற்றடிக்கும் சத்தம் நாள் முழுக்க ஜன்னல் வழியாக வந்துகொண்டே இருக்கும். சித்தியின் மேசை ஜன்னலுக்கு எதிரே, முதுகைச் சுவருக்குக் கொடுத்து. முதுகுக்குப் பின்னால் யாரும் வரக் கூடாது அவளுக்கு.

அவர்கள் ஆறு வருடமாகச் செய்துகொண்டிருந்தது ஒரு மாயாஜால ஆட்டம். விளையாடுபவர் ஒரு வழிப்போக்கர். கையில் வாள், தோளில் பை. பூதங்கள் உண்டு, பறக்கும் பல்லிகள் உண்டு, சாபம் வாங்கிய ராஜா ஒருத்தர் உண்டு. மொத்தம் ஏழு தேசம். எங்கே வேண்டுமானாலும் போகலாம், எந்த வரிசையிலும் போகலாம். "இதைச் செய், அதைச் செய்" என்று யாரும் பின்னால் நின்று அதட்ட மாட்டார்கள். அதுதான் அந்த ஆட்டத்தின் பெருமை என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். ஏழில் ஒன்று காடு. அந்தக் காடு சித்தியுடையது. நான்கு வருடமாக ஒவ்வொரு மரமாக அவள் வைத்தது.

மரம் வைப்பது பாதி வேலைதான். உள்ளே வருகிறவர் எப்படி நடப்பார் என்று யோசித்து, அவருக்கே தெரியாமல் அவரை நடத்த வேண்டும். ஒரு இடத்தில் விளக்கு. ஒரு இடத்தில் ஒடிந்த கிளை. ஒரு இடத்தில் புல் தேய்ந்த தடம். குறி நிறைய வைத்தால் வருகிறவர் மூட்டை மாதிரி ஆகிவிடுவார், தூக்கிக்கொண்டு போய் இறக்கிவைப்பதுதான் மிச்சம். குறி குறைந்தால் கோபம் வந்து கையிலிருக்கிற கன்ட்ரோலரை வீசிவிட்டுப் போய்விடுவார். இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்பதற்குத்தான் சித்திக்குச் சம்பளம்.

அவளிடம் ஒரு பழக்கம். வேலை செய்யும்போது ஆட்டத்தின் ஒலியை முழுவதுமாக அணைத்துவிடுவாள். "காது கேட்டா கண்ணு சோம்பேறி ஆயிடும்" என்பாள். பாதை என்பது கண்ணுக்குப் புரிய வேண்டும், ஊமைப்படமாகப் பார்த்தாலும் புரிய வேண்டும் என்பது அவள் கணக்கு. நான்கு வருடத்தில் தன் காட்டின் சத்தத்தை அவள் ஒரு நாளும் கேட்டதில்லை.

நான் அங்கே போனது, பள்ளிக்கூடத்தை முடித்துவிட்டு மூன்று மாதம் வீட்டில் கால் தங்காமல் அம்மாவின் உயிரை எடுத்துக்கொண்டிருந்த சமயம். "அக்கா, அவளை எங்கிட்ட அனுப்பு. விளையாடிப் பாக்க ஆள் வேணும்" என்று சித்தி கூப்பிட்டாள். "சும்மா கெடக்கிறதுக்குப் பதிலா விளையாடப் போறாளா? நல்லா இருக்குடி உன் நியாயம்" என்றாள் அம்மா. ஆனால் அனுப்பிவிட்டாள்.

அந்த அறையில் ஒரு சோபா, பெரிய ஸ்கிரீன், ஒரு கண்ணாடிச் சுவர். நாம் உள்ளே உட்கார்ந்து விளையாட வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர்கள் உட்கார்ந்து பார்ப்பார்கள். என்ன ஆனாலும் பேசக் கூடாது, உள்ளே வரக் கூடாது. வந்தால் அந்த டெஸ்ட் செல்லாது. முடிந்ததும், விளையாடியவர்கள் காட்டில் நடந்த வழியெல்லாம் வரைபடத்தில் சிவப்பு நூலாக வரும். அதற்குத் 'தடம்' என்று பெயர். ஒரு ஆளுக்கு ஒரு நூல்.

முதல் டெஸ்டில் நாங்கள் இருபது பேர். இருபது நூலும் ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்து, காட்டின் நடுவில் தடிமனான ஒரே கயிறாகக் கிடந்தன.

நிறுவனத்தின் தலைவரை எல்லோரும் 'கெடு' என்றுதான் சொல்வார்கள். எதற்கும் ஒரு கெடு வைப்பார். அவருக்கும் அது தெரியும். அவர் அந்தக் கயிற்றைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இது காடா, பஸ் ரூட்டா?"

"எல்லாரும் வெளிய வந்துட்டாங்களே சார்" என்றாள் சித்தி.

"வந்துட்டாங்க. டிக்கெட் எடுத்து உக்காந்த மாதிரி வந்துட்டாங்க. ஒருத்தன் கொட்டாவி விட்டான், பாத்தீங்களா? எதிர்ல பூதம் வந்து நிக்குது, இவன் வாயப் பொளக்கறான். பூதத்துக்கே சங்கடமா இருந்திருக்கும்."

ஒலி வேலை பார்க்கிற 'காது' சிரித்தார். லிஃப்ட் வருவதை மற்றவர்களுக்கு முன்பே கேட்டுச் சொல்லிவிடுவதால் அவருக்கு அந்தப் பெயர். சித்தி சிரிக்கவில்லை.

"மொத்தம் எத்தன விளக்கு வெச்சிருக்கீங்க?"

"இருநூத்திப் பதினாலு."

"கல்யாண மண்டபம்கூட இவ்வளவு வெளிச்சமா இருக்காது." கெடு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். கோபமாகப் பேசவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "ஆறு வாரம் தர்றேன். கடைசியில பன்னெண்டு பேர உள்ள விடுவோம். ஒருத்தர் போன வழியில இன்னொருத்தர் போகக் கூடாது. ஆனா பன்னெண்டு பேரும் ஒரு மணி நேரத்துக்குள்ள வெளிய வந்தாகணும். ஒருத்தர் மாட்டிக்கிட்டாலும் காடு வேணாம். அந்த எடத்துல ஒரு மலைய வெச்சு மூடிடலாம்."

"மலையா?"

"மலைக்கு வழி வைக்க வேணாமில்ல."

அன்றிலிருந்து சித்திக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நான் அவள் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பேன். காலையில் பத்து விளக்கை எடுப்பாள். சாயங்காலம் கிளம்புவதற்கு முன் ஏழைத் திரும்ப வைப்பாள். மறுநாள் மூன்றை எடுப்பாள், ஐந்தை வைப்பாள். இப்படியே போனால் இருநூற்றுப் பதினாலு முந்நூறு ஆகிவிடும் போலிருந்தது.

"எடுத்துட்டா என்ன ஆயிடும் சித்தி?"

"தொலைஞ்சுடுவாங்கடி."

"தொலைஞ்சா என்ன? முதல்லேர்ந்து ஆரம்பிக்கலாம்ல. ஆட்டம்தானே?"

சொல்லி முடித்த பிறகுதான் நான் யாரிடம் என்ன சொன்னேன் என்று எனக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். சித்தி என்னைப் பார்க்கவில்லை. ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டே, "ஆமா. ஆட்டம்தான்" என்றாள். பிறகு காட்டில் இருந்த அத்தனை விளக்கையும் ஒரே மூச்சில் தேர்ந்தெடுத்து, அழித்துவிட்டாள். எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

அதற்கடுத்த டெஸ்டில் நாங்கள் ஆறு பேர். விளக்கு இல்லாத காடு வேறு மாதிரி இருந்தது. நான் ஓடை ஓரமாக நடந்தேன், ஒரு குகையில் புகுந்து இடித்துக்கொண்டேன், ஒரு நரியைத் துரத்திக்கொண்டு வெகு தூரம் போனேன். யாரும் என்னைத் தள்ளவில்லை. அது என் நடையாக இருந்தது. காட்டின் ஆழத்தில், இரண்டு பாறைகளுக்கு நடுவே வந்தபோது என் கால் தானாக நின்றுவிட்டது. நாலு நிமிடம் அங்கேயே சுற்றிச் சுற்றி வந்தேன். பிறகு எப்படியோ வழி கிடைத்து வெளியே வந்தேன்.

தடம் வந்தது. ஆறு நூலும் மரத்தின் வேர் மாதிரி ஆறு பக்கம் பிரிந்து போயிருந்தன. கெடு கையைத் தட்டினார். அப்புறம் குனிந்து, விரலால் ஒரு இடத்தைத் தொட்டார்.

"இங்க என்ன வெச்சிருக்கீங்க?"

பிரிந்து போன ஆறு நூலும் அந்த இடத்தில் வந்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தன. இரண்டு பாறைகளுக்கு நடுவே.

"ஒண்ணும் வெக்கலையே" என்றாள் சித்தி.

"ஆறு பேரும் வந்து நின்னிருக்காங்க. ஒருத்தர் ஏழு நிமிஷம் நின்னிருக்காரு."

"அங்க ஒண்ணுமே இல்ல சார். வெறும் மண்ணு."

"சித்தி, அங்க யாரோ கூப்பிட்டாங்க" என்றேன் நான்.

மற்ற ஐந்து பேரில் இரண்டு பேர் இன்னும் போகாமல் இருந்தார்கள். அவர்களும் தலையை ஆட்டினார்கள். "ஒரு சின்னப் பிள்ள" என்றார் ஒருவர். "இந்தப் பக்கம்னு சொல்லிச்சு. போனா யாரும் இல்ல. நெஜமாவே மயிர்க்கூச்செறிஞ்சிடுச்சுங்க. பிரமாதமா பண்ணியிருக்கீங்க."

சித்தி 'காது' பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவர் தலையைச் சொறிந்துகொண்டே தன் மேசைக்கு ஓடினார். பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார். ரொம்பச் சாதாரணமான தவறு. இரண்டு வருடத்துக்கு முன்பு, விளக்குகள் பேசினால் எப்படி இருக்கும் என்று ஒரு யோசனை வந்து, ஒரே ஒரு விளக்கில் மட்டும் வைத்துப் பார்த்திருக்கிறார். யோசனை கைவிடப்பட்டது. குரலை எடுக்க மறந்துவிட்டார்.

"சத்தத்த விளக்கோட சேத்துக் கட்டாம தரையில தனியா நட்டுட்டேன் போல. நீங்க விளக்கப் பிடுங்கிட்டீங்க. குரல் அங்கயே நின்னுடுச்சு."

விளக்கோடு கேட்டபோது அது யாருக்கும் பெரிதாகப் படவில்லை. விளக்கு பேசியது, அவ்வளவுதான். வெறும் இருட்டிலிருந்து கேட்டால்தான் கால் நின்றுவிடுகிறது.

"யார் குரல் அது?" என்று கேட்டாள் சித்தி.

"உங்க குரல்தான். ஞாபகம் இல்லையா? ஸ்டோர் ரூம்ல கம்பளியப் போத்திக்கிட்டு ஆளுக்கு ரெண்டு வார்த்த பேசிக் குடுத்தோமே. உங்க குரல ரெண்டு மூணு படி ஏத்திவிட்டேன், குட்டி தேவதை மாதிரி இருக்கட்டும்னு." அவர் ஹெட்போனை நீட்டினார்.

சித்தி அதை வாங்கி மாட்டினாள். ஒரு தடவைதான் கேட்டிருப்பாள். கழற்றி, வயரை ஒழுங்காகச் சுற்றி, மேசையில் வைத்தாள். பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். நானும் பின்னாலேயே ஓடினேன். லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியில் இறங்கினாள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

அங்கே உட்கார்ந்துதான், வீட்டில் யாரும் எனக்குச் சொல்லாததைச் சொன்னாள்.

அவளும் மாமாவும் தோப்பில் ஒரு விளையாட்டு விளையாடுவார்களாம். ஒரு தகரப் பெட்டியை இவள் ஒளித்து வைப்பாள். போகிற வழியில் கூழாங்கல், கிளையில் ஒரு நூல் முடிச்சு என்று குறி வைப்பாள். அவன் கண்டுபிடிக்க வேண்டும். நடுவில் திணறினால் "எந்தப் பக்கம்?" என்று கத்துவான். இவள் சொல்லுவாள். அன்றைக்கு அவனே வந்து, "ரொம்ப ஈசியா இருக்குக்கா. இன்னைக்குக் குறி வெக்காத. நான் கேட்டாலும் சொல்லாத" என்றானாம். இவளும் வைக்கவில்லை. வெளியே ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து சத்தம் வந்தது. மூன்று தடவை கூப்பிட்டான். சொல்லக் கூடாது என்று அவன்தானே சொன்னான் என்று இவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருக்கிறாள். பிறகு சத்தம் வரவில்லை. பெட்டி கிடைத்துவிட்டது என்று நினைத்தாளாம்.

"பெட்டி வெச்ச எடத்துலயே இருந்துச்சுடி" என்றாள் சித்தி.

ஆட்கள் வரிசை கட்டித் தேடினார்கள். நாய்கள் வந்தன. பக்கத்து நீர்த்தேக்கத்தில் ஆள் இறங்கிப் பார்த்தார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி இருக்கிற மர வரிசை. பதினோரு வருடம், தாத்தா இருக்கும்வரை, வாராவாரம் போய்த் தேடினாராம்.

"இது என் குரல்தான்னு எனக்குத் தெரியுது" என்றாள். "ஆனா அது அவன். அப்படியே அவன். இத்தன நாளா அந்த எடத்துல நின்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்திருக்கான். நான் சத்தத்த அணைச்சு வெச்சிருந்திருக்கேன்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மூன்று நாள் அவள் வேலைக்கு வரவில்லை. குரலை அழித்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். நாலாவது நாள் வந்து, நேராகக் காதின் மேசைக்குப் போனாள். ஆட்டத்தில் முக்கோண பட்டனை அழுத்தினால் வழிப்போக்கர் "ஓய்!" என்று கூவுவார். எதற்கும் பயன்படாத பட்டன், ஆடு மாடு திரும்பிப் பார்க்கும், அவ்வளவுதான். அந்தக் குரலை அந்தப் பட்டனோடு சேர்க்க வேண்டும் என்றாள். காட்டில் யாராவது கூவினால், வெளியேறும் வழி எந்தத் திசையில் இருக்கிறதோ அங்கிருந்து குரல் வர வேண்டும். கூவாவிட்டால் வரக் கூடாது. கூவும்போதெல்லாம் வர வேண்டும்.

"கேக்காதவங்களுக்கு நான் ஏன் சொல்லணும்? அவங்க சுத்தட்டும்" என்றாள். "கேட்டா சொல்லியே ஆகணும்."

கெடுவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. ஆறு வருடத்தில் இந்த ஆட்டத்துக்கு வந்த நல்ல யோசனை இது ஒன்றுதான் என்றார். சித்தி முகத்தில் சந்தோஷம் எதுவும் தெரியவில்லை. அன்றிலிருந்து ஒலியை வைத்துக்கொண்டு வேலை செய்ய ஆரம்பித்தாள். சில மத்தியானங்களில் நான் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும்போது, அவள் ஹெட்போனிலிருந்து கசிந்து, கொசு அளவுக்கு அந்தக் குரல் எனக்கும் கேட்கும். இந்தப் பக்கம். இந்தப் பக்கம். வீட்டுக்குப் போன பிறகும் அது காதை விட்டுப் போகாது. குளிக்கும்போது குழாய்ச் சத்தத்துக்குள் கேட்டிருக்கிறேன்.

கெடு சொன்ன நாள் வந்தது. காலையிலிருந்து ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். பதினோரு பேர், பதினோரு வழி. பதினோரு பேரும் வெளியே வந்துவிட்டார்கள். அதில் ஏழு பேர் ஒரு தடவைகூடக் கூவவில்லை. பன்னிரண்டாவது ஆள், இதுவரை எந்த ஆட்டமும் தொட்டுப் பார்க்காதவராக இருக்க வேண்டும் என்று கெடு சொல்லியிருந்தார். அவருடைய எதிர்வீட்டுக்காரர் வருவதாக இருந்தது. பல்வலி என்று போன் வந்தது.

"உங்க வீட்டுல யாராவது இருக்காங்களா, இதெல்லாம் தெரியாதவங்க?" என்று கெடு பொதுவாகக் கேட்டார்.

"எங்கம்மா இருக்காங்க. அடுத்த தெருவுலதான் வேலை" என்று நான் வாயை விட்டுவிட்டேன்.

"அக்கா வேணாம்" என்றாள் சித்தி உடனே.

"ஏன்?"

சித்தியால் காரணம் சொல்ல முடியவில்லை. எனக்கு அப்போதுதான் புரிந்தது. வாயிலிருந்து போனதை எப்படித் திரும்ப எடுப்பது?

அம்மா மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் அரைப்பவள். கை முழுக்க வெள்ளைத் தூளோடு, வேலை உடுப்போடு வந்தாள். கன்ட்ரோலரை இரண்டு கையிலும், ஏதோ தட்டில் தேநீர் எடுத்துப் போகிற மாதிரி பிடித்தாள். "இது என்ன, இத்தன பொத்தான்? சட்டைக்குக்கூட இவ்வளவு கிடையாது" என்றாள். எந்தப் பொத்தான் நடக்க, எது குதிக்க, எது கூப்பிட என்று நான் காட்டிக்கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். சித்தி கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

அம்மா நன்றாகவே விளையாடினாள். முதலில் சுவரில் முட்டினாள், ஓடையில் விழுந்தாள், "அய்யோ, செருப்பு நனைஞ்சிருக்குமே" என்றாள். பிறகு காளான் பறிக்க ஆரம்பித்துவிட்டாள். பூதம் வந்தபோது பூதத்தை விட்டுவிட்டுக் காளானைப் பறித்தாள். கெடு விழுந்து விழுந்து சிரித்தார். "இவங்கதான் சரியான ஆளு. இவங்களுக்காகத்தான் இந்த ஆட்டமே" என்றார். முப்பத்தைந்தாவது நிமிடத்தில் அம்மா நின்றாள். நாலு பக்கமும் திரும்பிப் பார்த்தாள். எல்லாப் பக்கமும் மரம்.

முக்கோண பட்டனை அழுத்தினாள்.

குரல் வந்தது. தூரத்திலிருந்து, மெலிதாக. இந்தப் பக்கம்.

அம்மாவின் கை மடியில் விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து அம்மா மறுபடி அழுத்தினாள். இந்தப் பக்கம். மறுபடி அழுத்தினாள். நடக்கவில்லை. நின்ற இடத்திலேயே நின்று, பட்டனை அழுத்தி, பதிலைக் கேட்டு, மறுபடி அழுத்தினாள்.

"என்ன பண்றாங்க?" என்றார் கெடு. "சத்தம் வர்ற பக்கம் போனா பத்து நிமிஷத்துல வெளிய. ஏன் போக மாட்டேங்கறாங்க?"

நாற்பது நிமிடம். நாற்பத்தைந்து. சித்தி இரண்டு கையையும் முழங்காலுக்கு நடுவில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். அம்மா வழி தெரியாமல் நிற்கவில்லை என்று அந்த அறையில் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். ஐம்பத்தொன்றாவது நிமிடத்தில் சித்தி எழுந்தாள். கெடு "நோ, நோ, உள்ள போகாதீங்க" என்றார். அவள் கதவைத் திறந்து போய்விட்டாள்.

மைக் திறந்திருந்ததால் எங்களுக்கு எல்லாம் கேட்டது.

"உன் குரல்தானடி இது?" என்றாள் அம்மா, திரும்பிப் பார்க்காமல்.

"ஆமாக்கா."

"அவன மாதிரியே இருக்கு."

"ஆமா."

அம்மா பட்டனை அழுத்தினாள். குரல் வந்தது. "நான் வெளிய போயிட்டா இது நின்னுடுமா?"

"நின்னுடும்."

"அப்போ கொஞ்ச நேரம் இருடி."

சித்தி சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்தாள். அம்மா மறுபடி மறுபடி அழுத்தினாள். ஒரு மணி நேரம் முடிந்தது. கெடு கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு அவர்களைப் பார்த்தார், பிறகு அறை விளக்கைக் குறைத்துவிட்டு வெளியே போய்விட்டார். அம்மாவின் தடம் அன்று வரைபடத்தில் பாதி நூலாக வந்து, ஒரு புள்ளியில் நின்றது.

கெடு நல்லவர்தான். விஷயம் தெரிந்த பிறகு சித்தியிடம் தனியாக உட்கார்ந்து பேசினார். ஆனால் சொன்ன சொல்லை மாற்றவில்லை. வேறு ஆளை வைத்து இன்னொரு டெஸ்ட் எடுக்கலாமே என்று காது கேட்டார். வேண்டாம் என்றது சித்தியே. காட்டுக்கு முன்னால் ஒரு மலை வந்தது. பெரிய சாம்பல் நிற மலை, ஏற முடியாது. ஆட்டம் ஆறு தேசத்தோடு வெளிவந்தது.

எனக்கு அப்புறம்தான் ஒரு விஷயம் தெரிந்தது. இந்த மாதிரி ஆட்டங்களில் ஒரு இடத்தை வேண்டாம் என்று முடிவு செய்தால், அதை உண்மையில் அழிக்க மாட்டார்கள். எதை உருவினால் எது சரியும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் மூடிவிட்டு அப்படியே விட்டுவிடுவார்கள். ஆட்டத்தை வாங்கிய அத்தனை பேர் வீட்டிலும் அந்த மலைக்குப் பின்னால் சித்தியின் காடு இருக்கிறது. ஓடை ஓடிக்கொண்டிருக்கிறது. நரி திரிகிறது. போக வழி மட்டும் இல்லை.

மலை கண்ணைத்தான் மறைக்கும், சத்தத்தை மறைக்காது. இதை யாரும் யோசிக்கவில்லை. இரண்டாவது மாதத்தில் கடிதங்கள் வர ஆரம்பித்தன. மலை அடிவாரத்தில் நின்று கூவினால் உள்ளேயிருந்து ஒரு பிள்ளை பதில் சொல்கிறது, அந்தப் பக்கம் போவது எப்படி என்று. கெடு அதைச் சித்தியிடம் தள்ளினார். "செட்டிங்ல இருக்கிற ஒரு டிக்க எடுத்துவிட்டா போதும், குரல் நின்னுடும். அடுத்த அப்டேட்ல முடிச்சிடுங்க." சித்தி சரி என்றாள். செய்யவில்லை. அடுத்த அப்டேட்டிலும் செய்யவில்லை. கடிதம் எழுதிய ஒவ்வொருவருக்கும் அவளே பதில் போட்டாள். உள்ளே போக வழி இல்லை, மன்னிக்கவும், தயவுசெய்து தேட வேண்டாம். சிலர் நிறுத்தினார்கள். ஒருத்தர் நிறுத்தவில்லை. நாற்பது மணி நேரமாக மலையைச் சுற்றி வருகிறேன், ஒவ்வொரு பாறையாகத் தட்டிப் பார்த்துவிட்டேன், இந்தப் பிள்ளையை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை என்று எழுதியிருந்தார்.

சித்தி அதை இரண்டு தடவை படித்தாள். அங்கேயே, என் முன்னால், அம்மாவுக்குப் போன் போட்டாள். லென்ஸ் அரைக்கிற எந்திரச் சத்தம் போனில் கேட்டது.

"அக்கா, அத நிறுத்தப் போறேன்."

எந்திரம் நின்றது.

"ஒரு ஆளு தேடிக்கிட்டே இருக்காரு. கெடைக்காத எடத்துல. அப்பா மாதிரியே." சித்தி மூக்கை உறிஞ்சினாள். "உனக்கு வேணும்னா தனியா ஒரு காப்பி எடுத்துத் தர்றேன்."

"வேணாம்டி" என்றாள் அம்மா. "இருந்தா கேட்டுக்கிட்டே இருப்பேன்."

சித்தி அந்த டிக்கை எடுத்தாள். புதன்கிழமை அப்டேட் போனது. நான் சாயங்காலம் வீட்டில் ஆட்டத்தைப் போட்டு மலை அடிவாரத்துக்குப் போய்க் கூவிப் பார்த்தேன். காற்றுச் சத்தம் மட்டும்தான்.

வியாழக்கிழமை அந்த ஆளிடமிருந்து இன்னொரு கடிதம் வந்தது. இரண்டே வரி. "நேத்துலேர்ந்து கூப்பிட்டா பதில் வரல. அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆயிடுச்சா?"

சித்தி இதுவரை அதற்குப் பதில் எழுதவில்லை. தினமும் காலையில் வந்ததும் திறந்து வைக்கிறாள். சாயங்காலம் மூடிவிட்டுப் போகிறாள்.